மாணவர் ஆக்கும் பாப் இசைக் காணொலியும் பார்வையாளர் பின்னூட்டமும்: மெய்ப்பாடு, பத்துக்குற்றம் வழியான திருத்தநெறி

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தின் ஏ லெவல் ஊடகவியல் கல்வியில், மாணவர்கள் ஒரு பாடலுக்குக் காணொலி ஆக்கி, பார்வையாளர் பின்னூட்டத்திலிருந்து தாம் கற்றவற்றை மதிப்பீடாக எழுதும் செய்முறை ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம் வழக்கில் இருந்தது. பின்னூட்டத்தைத் திரட்டும் வழிகள் பலவாக இருப்பினும், திரட்டியதைப் பொருள்கொண்டு படைப்பைத் திருத்தும் நெறி போதிய அளவு வகுக்கப்படவில்லை. தொல்காப்பியம் கூறும் மெய்ப்பாடு, கேட்போர், முன்னம், எச்சம் ஆகிய கருத்தாக்கங்களும் நன்னூல் கூறும் பத்துக்குற்றமும் அந்நெறியை வகுப்பதற்குத் துணைபுரியும் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. பார்வையாளர் கூற்று குறை நிகழும் இடத்தைக் காட்டும் சான்றேயன்றித் திருத்தத்திற்கான ஆணை அன்று என்பது இக்கட்டுரையின் மையக் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: இசைக் காணொலி, பின்னூட்டம், மெய்ப்பாடு, கேட்போர், எச்சம், பத்துக்குற்றம், படத்தொகுப்பு

முன்னுரை

படைப்பு, காண்போர் உள்ளத்தில் எவ்வாறு சென்று சேர்ந்தது என்பதைப் படைத்தோர் அறிதல் எளிதன்று. ஆக்கியோர் தம் படைப்பைப் பன்முறை கண்டவர். அதன் பொருளை முன்னரே அறிந்தவர். ஆகவே, படைப்பில் இல்லாததையும் இருப்பதாகக் கருதிக் காணும் நிலை அவர்க்கு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. முதன்முறை காண்பவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. திரையில் உள்ளது மட்டுமே அவர்க்குக் கிடைக்கும். இவ்விடைவெளியை ஆக்கியோர்க்கு உணர்த்துவதே பின்னூட்டத்தின் பயன்.

மாணவர் படைப்பில் இச்சிக்கல் இருமடங்காகிறது. அவர்தம் முதற்பார்வையாளர் பெரும்பாலும் வகுப்புத் தோழர்களே. தோழமை காரணமாக எழும் முகமன் உரை மதிப்பீட்டின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ‘நன்றாக இருக்கிறது’ என்னும் சொல்லால் எந்த ஒரு காட்சியையும் திருத்த இயலாது. அதேபோழ்து, கடுமையான ஓரிரு கூற்றுகளுக்கு அஞ்சித் தமக்கே உரிய கற்பனையை மாணவர் கைவிடுதலும் நிகழக்கூடும். இவ்விரு கேடுகளையும் தவிர்க்கும் நெறி யாது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா.

ஆய்வுக்களம்

இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். தேர்வு வாரியம் வகுத்து 2008இல் கற்பித்தலுக்கு வந்த ஏ லெவல் ஊடகவியல் பாடத்திட்டத்தில், இரண்டாம் ஆண்டுச் செய்முறைக்குரிய தெரிவுகளுள் இசைக் காணொலியும் ஒன்றாக இருந்தது. மாணவர்கள் ஓர் இசைத்தொகுப்பின் வெளியீட்டை முன்னிட்டு ஒரு காணொலியையும், அதனோடு இயைந்த குறுவட்டு உறை, இதழ் விளம்பரம் போன்ற இரண்டு துணை ஆக்கங்களையும் உருவாக்க வேண்டும். மொத்த மதிப்பெண் 100. அவற்றுள் ஆய்வு, திட்டமிடல் ஆகியவற்றுக்கு 20, ஆக்கத்திற்கு 60, மதிப்பீட்டிற்கு 20 என ஒதுக்கப்பட்டன. மதிப்பீட்டுப் பகுதியின் நான்கு வினாக்களுள் மூன்றாவது, பார்வையாளர் பின்னூட்டத்திலிருந்து மாணவர் கற்றது யாது என வினவியது. 2017இல் கற்பித்தலுக்கு வந்த புதிய பாடத்திட்டத்தில் இம்மதிப்பீட்டு வினாக்கள் நீக்கப்பட்டு, ஆக்கம் குறித்த நோக்க அறிக்கை இடம்பெற்றது.

இம்மாற்றம் ஒரு கருத்தை எண்ணிப்பார்க்கத் தூண்டுகிறது. நோக்க அறிக்கை ‘யான் கருதியது யாது’ என்பதற்கு விடை தருகிறது. பின்னூட்ட வினாவோ ‘பிறர் பெற்றது யாது’ என்பதற்கு விடை தேடியது. கருதியதும் பெற்றதும் ஒன்றாதல் வேண்டும் என்னும் கட்டாயமில்லை. பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தின் பண்பாட்டு ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஸ்டூவர்ட் ஹால், 1973இல் வெளியிட்ட தம் கட்டுரையில் இவ்வேறுபாட்டை விளக்கினார். ஆக்கியோர் பொதிந்த பொருளைப் பார்வையாளர் முழுதும் ஏற்றோ, தம் சூழலுக்கேற்ப ஓரளவு மாற்றி ஏற்றோ, எதிர்நிலையில் நின்றோ கொள்ளக்கூடும் என்பது அவர்தம் கருத்து. எனவே, கருதியதற்கும் பெற்றதற்கும் இடைப்பட்ட வேறுபாடு அனைத்தும் குறையாகா. எவ்வேறுபாடு குறை, எவ்வேறுபாடு படைப்பின் வளம் எனப் பகுத்தறிவதற்கு ஓர் அளவுகோல் தேவைப்படுகிறது.

தமிழ் மரபில் கேட்போர்

படைப்பின் தகுதியைக் கேட்போர்வழி அறிதல் தமிழ் மரபிற்குப் புதிதன்று. இரு சான்றுகள் ஈண்டு நோக்கத்தக்கன.

முதலாவது, தொல்காப்பிய அரங்கேற்றம் குறித்து நச்சினார்க்கினியர் உரைக்கும் கதை. பாண்டியன் அவையில் நூலைக் கேட்ட அதங்கோட்டாசான், குற்றங்கூறும் நோக்குடனேயே கேட்டார் என்றும், அவர் கூறிய குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியர் விடை கூறினார் என்றும் அக்கதை அமைகிறது. உவந்து கேட்பவரினும் குறைகாணக் கேட்பவர் நூலுக்கு மிக்க பயன் செய்தல் கூடும் என்பது இதனால் பெறப்படுகிறது. எனினும், ஒரு வேறுபாட்டை மறத்தலாகாது. தொல்காப்பியர் அவையில் உடனிருந்து விடையிறுத்தார். காணொலி ஆக்கிய மாணவரோ தம் படைப்பைக் காண்போர் ஒவ்வொருவரிடத்தும் உடன்சென்று விளக்கம் கூற இயலாது. ஆதலின், அவர் தரவேண்டிய விடை காணொலிக்குள்ளேயே அமைதல் வேண்டும். பின்னூட்ட அமர்வில் ஆக்கியோர் வாய்திறந்து விளக்கமளிக்கத் தொடங்கின், அக்கணமே அவ்வமர்வின் பயன் குன்றிவிடுகிறது.

இரண்டாவது, இறையனார் களவியல் உரை கூறும் உருத்திரசன்மன் வரலாறு. அந்நூற்குப் புலவர் பலர் உரை கண்டபோழ்து, மெய்யுரையைத் தேர்ந்தறியப் பேசாத சிறுவன் ஒருவனை இருத்தினர் என்பதும், மருதனிளநாகனார் உரைக்குச் சிற்சில இடங்களிலும் நக்கீரனார் உரைக்கு எங்கணும் அவன் கண்ணீர் வார்ந்து மெய்ம்மயிர் சிலிர்த்தான் என்பதும் அவ்வரலாறு. இதனை வரலாற்று நிகழ்வாகக் கொள்ளாது, திறனாய்வுக் கருத்தாகக் கொள்ளுதல் தகும். தேர்ந்தெடுக்கப்பட்ட கேட்போன் பேசாதவன். ஆகவே முகமன் உரைக்கும் வாய்ப்பு அவனுக்கு இல்லை. அவன் தீர்ப்பு உடலின்வழி வெளிப்பட்டது. அத்தீர்ப்பு ‘நன்று’, ‘தீது’ எனும் ஒட்டுமொத்த முடிபாக அமையாமல், இடந்தோறும் வேறுபட்டு நின்றமையும் கருதத்தக்கது. இன்றைய பின்னூட்ட முறையில் குறைவாக இருப்பன இவ்விரண்டுமே: சொல்லுக்கு முற்பட்ட சான்று, இடஞ்சுட்டிய சான்று.

மெய்ப்பாடு: காண்போர் உடலில் தோன்றும் சான்று

நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை எனத் தொல்காப்பியம் மெய்ப்பாட்டை எட்டாக வகுத்து, ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் எனக் கூறுகிறது. மேலும், கண்ணாலும் செவியாலும் உறுதியாக உணரும் ஆற்றலுடையோர்க்கன்றி மெய்ப்பாட்டின் நயத்தைத் தெரிதல் அரிது என்றும் அவ்வியலின் இறுதியில் எச்சரிக்கிறது. பார்வையாளரை உற்றுநோக்கும் மாணவர்க்கு இவ்வெச்சரிக்கை மிகவும் பொருந்துவதாகும்.

சான்றாக, திரையிடலின்போது ஓரிடத்தில் பார்வையாளர் நகைத்தனர் எனக் கொள்வோம். ‘சிரித்தனர்’ என்னும் குறிப்பு மட்டும் போதாது. நகை எள்ளல், இளமை, பேதைமை, மடன் எனும் நான்கின்வழிப் பிறக்கும். பாத்திரத்தின் குழந்தைத்தன்மையைக் கண்டு எழுந்த நகை இளமையின்பாற்பட்டது. காட்சி தன் பணியைச் செய்தது எனலாம். பிரிவுத்துயரைக் காட்டும் அண்மைக் காட்சியில் நடிப்பின் மிகையைக் கண்டு எழுந்த நகையோ எள்ளலின்பாற்பட்டது. அக்காட்சி அழுகையை நோக்கிச் சென்று நகையில் முடிந்துள்ளது. புறத்தோற்றத்தில் ஒன்றாக உள்ள இரு நகைகளும் திருத்தத்தைப் பொறுத்தவரை முற்றிலும் எதிரானவை. நிலைக்களன் அறியாது மெய்ப்பாட்டை எண்ணிக்கையாக மட்டும் பதிவு செய்தல் பிழையான திருத்தத்திற்கு இட்டுச்செல்லும்.

இக்கருத்து இணையவழிப் புள்ளிவிவரங்களுக்கும் பொருந்தும். யூடியூப் தளம் காணொலியின் ஒவ்வொரு கணத்திலும் பார்வையாளருள் எத்தனை விழுக்காட்டினர் எஞ்சியுள்ளனர் என்பதை வரைகோடாக ஆக்கியோர்க்குக் காட்டுகிறது. கோடு சரியும் இடத்தில் ஏதோ நிகழ்ந்துள்ளது என்பது தெளிவு. ஆயின், ஏன் நிகழ்ந்தது என்பதை அக்கோடு கூறாது. சலிப்பால் விலகியோரும், தாம் தேடிய பகுதியைக் கண்டு நிறைவுற்று விலகியோரும் அவ்வரைகோட்டில் ஒரே தன்மையராகவே தோன்றுவர்.

கேட்போர், முன்னம், எச்சம்

தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் முப்பத்துநான்கு உறுப்புகளுள் கேட்போர், முன்னம், எச்சம் ஆகியன இசைக் காணொலியின் ஆய்வுக்கு நேரடியாகப் பயன்படுவன. செய்யுளியல் கூறும் கேட்போர் என்பது செய்யுளைப் பயிலும் புறத்தாரைக் குறிப்பதன்று. கூற்று யாரை நோக்கி நிகழ்கிறதோ அவரைக் குறிப்பது. தலைவி கூற்றைத் தோழி கேட்பதாக அமைவது போல்வது. இவ்வேறுபாட்டை மனங்கொண்டே இச்சொல் ஈண்டு ஆளப்படுகிறது.

பாப் இசைக் காணொலியில் பாடுவோர் ஒளிப்படக் கருவியை நேர்நோக்கிப் பாடுதல் பெருவழக்கு. அந்நிலையில் புறத்தே இருக்கும் பார்வையாளரே அகத்தே உள்ள கேட்போராகவும் ஆகின்றனர். அடுத்த காட்சியில் கதைமாந்தர் தோன்றும்போது கேட்போர் வேறொருவராக மாறுகிறார். ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வெளியிட்ட நூலில் பாடலுக்கும் காட்சிக்கும் இடையிலான உறவை, பாடற்பொருளை அப்படியே காட்டல், அதனை விரித்துப் புதுப்பொருள் சேர்த்தல், அதனோடு இயையாது விலகி நிற்றல் என மூவகையாகப் பகுத்தார். இவ்வுறவுகளுள் எதனை மாணவர் தேர்ந்தாலும், ‘யார், யாரிடம் பாடுகின்றனர்’ என்பதைப் பார்வையாளர் குறிப்பால் உணர்தல் வேண்டும். இதுவே முன்னம் எனும் உறுப்பின் பணி. முன்னம் தவறிய காணொலியைக் கண்டோர் பெரும்பாலும் ‘கதை புரியவில்லை’ என்றே கூறுவர். உண்மையில் புரியாதது கதையாக இராது. கூற்றுக்கு உரியோரும் கேட்போரும் யாவர் என்பதாகவே இருக்கும்.

எச்சம் என்பது சொல்லாலோ குறிப்பாலோ எஞ்சி நின்று, கேட்போரால் நிரப்பப்படுவது. மூன்று, நான்கு நிமிடங்களில் முடியும் இசைக் காணொலி எல்லாவற்றையும் காட்ட இயலாது, காட்டவும் தேவையில்லை. இங்குத்தான் ‘முடிவு தெரியவில்லை’ என்னும் பின்னூட்டத்தை எவ்வாறு கொள்வது என்னும் சிக்கல் எழுகிறது. அது குன்றக்கூறல் என்னும் குற்றமா, எச்சம் என்னும் உறுப்பா என்பதைப் பின்வருமாறு துணியலாம். பார்வையாளர் ஒவ்வொருவரிடமும் ‘பின்னர் என்ன நிகழ்ந்திருக்கும்’ என வினவுதல் வேண்டும். அவர்கள் தரும் விடைகள் ஒன்றற்கொன்று வேறாயினும் பாடலின் உணர்வெல்லைக்குள் அமையுமாயின் அது எச்சம். அதனைக் காத்தல் வேண்டும். விடையே கூற இயலாது திகைப்பாராயின், அல்லது விடைகள் பாடலுக்குத் தொடர்பின்றிச் சிதறுமாயின் அது குன்றக்கூறல், திருத்துதல் வேண்டும்.

பத்துக்குற்றம்: கூற்றுகளை வகைப்படுத்தும் சட்டகம்

நன்னூற் பாயிரம் கூறும் குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியதுகூறல், மாறுகொளக்கூறல், வழூஉச்சொற்புணர்த்தல், மயங்கவைத்தல், வெற்றெனத்தொடுத்தல், மற்றொன்றுவிரித்தல், சென்றுதேய்ந்திறுதல், நின்றுபயனின்மை ஆகிய பத்தும் நூலுக்குரிய குற்றங்கள். காணொலிக்கு இவற்றைப் பொருத்துதல் ஒப்புமை பற்றியதே. ஆயினும், பார்வையாளரின் தெளிவற்ற உரையைத் திருத்தத்தக்க சிக்கலாக மாற்றுவதற்கு இச்சட்டகம் பெரிதும் உதவுகிறது.

விளக்கத்தின் பொருட்டு ஒரு காணொலியைக் கற்பித்துக்கொள்வோம். நட்பு முறிந்தமை பற்றிய பாடல். பள்ளி அரங்கில் மாணவி ஒருத்தி பாடுகிறாள். இடையிடையே மழைபெய்யும் பேருந்து நிறுத்தத்தில் இரு தோழியர் பிரியும் கதை காட்டப்படுகிறது. முதற்கட்டத் தொகுப்பைக் கண்ட பார்வையாளருள் பலர் ‘நடுவில் இழுக்கிறது’ என்கின்றனர். இக்கூற்றின்வழி மாணவர் செய்யக்கூடிய எளிய முடிவு, நடுப்பகுதியை வெட்டிக் குறைத்தல். ஆனால் இழுப்பிற்குக் காரணம் ஒன்றன்று. ஒரே அண்மைக் காட்சி பன்முறை வருமாயின் அது கூறியதுகூறல். மாற்றுக் கோணம் அதனைத் தீர்க்கும். பேருந்து நிறுத்தத்தில் கதைக்குத் தொடர்பற்ற பயணியர் நீளக் காட்டப்படின் அது மற்றொன்றுவிரித்தல், நீக்கமே மருந்து. தொடக்கத்திலேயே வலிமை மிக்க காட்சிகளெல்லாம் செலவழிந்துவிட்டிருப்பின் அது சென்றுதேய்ந்திறுதல்; அந்நிலையில் திருத்தவேண்டியது நடுப்பகுதியன்று, முற்பகுதியே. குறை உணரப்படும் இடமும் குறை பிறக்கும் இடமும் வேறாக இருத்தல் கூடும் என்பது இதனால் விளங்கும்.

பிற கூற்றுகளையும் இவ்வாறே பகுக்கலாம். மழையில் நனைந்த மேலாடை அடுத்த காட்சியில் உலர்ந்திருத்தல் மாறுகொளக்கூறல். பாடகியின் வாயசைவு ஒலியோடு பொருந்தாமை வழூஉச்சொற்புணர்த்தலோடு ஒப்பிடத்தக்கது. பாடும் மாணவியும் கதையில் வரும் தோழியும் ஒருவரா, வேறுவேறானவரா என ஐயுறச் செய்தல் மயங்கவைத்தல். படத்தொகுப்பு மென்பொருளின் ஒளிமாற்ற உத்திகள் பொருள் பயவாது நிற்றல் நின்றுபயனின்மை.

இச்சட்டகத்திற்கு ஓர் எல்லையும் உண்டு. இசைப்பாடலில் பல்லவி மீண்டும் மீண்டும் வருதல் இலக்கணமே, குற்றமன்று. பல்லவிதோறும் அதே காட்சி மீளுதலும் வேண்டுமென்றே செய்யப்பட்ட உத்தியாக இருக்கலாம். மீளும் காட்சி ஒவ்வொரு முறையும் புதிய பொருள் ஏற்கிறதா என்பதே அங்கு வினவத்தக்கது. முதற்பல்லவியில் இருவர் அமர்ந்திருந்த இருக்கை இறுதிப் பல்லவியில் வெறுமையாகக் காட்டப்படுமாயின், கூறியது கூறியும் குற்றமாகாது.

கூற்றும் திருத்தமும்

பார்வையாளர் குறையை மட்டுமன்றித் தீர்வையும் சேர்த்தே கூறுவர். குறையை உணர்வதில் அவர்கள் பெரும்பாலும் பிழைபடுவதில்லை. தீர்வை உரைப்பதில் பிழைபடுதல் உண்டு. திரைப்பட வரலாற்றில் இதற்குத் தக்க சான்று ‘பிளேட் ரன்னர்’ (1982). ரிட்லி ஸ்காட் இயக்கிய அப்படத்தின் சோதனைத் திரையிடல்களில் பார்வையாளர் குழப்பமுற்றதை அடுத்து, கதைத்தலைவன் குரலில் விளக்கவுரையும் இனிய முடிவும் சேர்க்கப்பட்டன. 1992இல் வெளிவந்த இயக்குநர் பதிப்பில் அவ்விரண்டும் நீக்கப்பட்டன. பார்வையாளர் மயங்கினர் என்பது உண்மை; மயக்கத்தை நீக்க விளக்கவுரையே வழி என்பது ஒருவகை முடிவு மட்டுமே.

மாணவர் பின்னூட்டத்தை ஏற்கும் முறையை விளக்கவும் நன்னூல் துணைநிற்கிறது. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னத்தைத் தலைமாணாக்கர்க்கும், நெய்யை ஒழுகவிட்டுக் கசட்டைத் தன்பால் நிறுத்தும் நெய்யரியைக் கடைமாணாக்கர்க்கும் அந்நூல் உவமையாக்குகிறது. பத்துப் பேர் கூறிய பயன்மிக்க குறிப்புகளை மறந்து, ஒருவர் கூறிய ஏளனச் சொல்லை மட்டும் மனத்தில் தேக்கிக்கொள்ளும் இளம் படைப்பாளர் நெய்யரியின் நிலையில் நிற்கின்றார். கேட்டதை அப்படியே திருப்பிக் கூறும் கிளியைப் போன்று, பார்வையாளர் கூறிய எல்லாவற்றையும் செய்து முடிப்போரும் உளர். அவர் காணொலியில் எவருடைய குரலும் எஞ்சுவதில்லை.

திருத்தநெறி

மேற்கண்டவற்றின் அடிப்படையில் பின்வரும் நெறி முன்வைக்கப்படுகிறது.

1. பின்னூட்டம் கதைப்பலகை, முதற்கட்டத் தொகுப்பு, இறுதிக்கு முந்தைய தொகுப்பு என மூன்று நிலைகளில் பெறப்படுதல் வேண்டும். மயங்கவைத்தல் போன்ற குறைகளைக் கதைப்பலகை நிலையிலேயே களைதல் எளிது. படப்பிடிப்பு முடிந்தபின் அதே ஒளியையும் மழையையும் நடிப்போரின் தோற்றத்தையும் மீளப் பெறுதல் அரிது.

2. பாடலின் இலக்குப் பார்வையாளரோடு, ஆக்கியோரை முன்னறியாத சிலரும், அவ்விசைவகையில் விருப்பமில்லாத ஓரிருவரும் அவையில் இருத்தல் நன்று. அதங்கோட்டாசான் இல்லாத அவை முழுமை பெறாது.

3. முதற்காட்சி இடைநிறுத்தமின்றி நிகழ்தல் வேண்டும். ஆக்கியோர் திரையை நோக்காது, காண்போரின் முகத்தை நோக்கி அமர்ந்து, தோன்றும் மெய்ப்பாட்டைக் காணொலியின் நிமிடம், நொடியோடு குறித்தல் வேண்டும்.

4. கலந்துரையாடலுக்கு முன்னரே ஒவ்வொருவரும் தனித்து எழுதுதல் வேண்டும். முதலில் பேசுபவரின் கருத்து ஏனையோர் கருத்தை மாற்றிவிடும் ஆதலின் இது இன்றியமையாதது.

5. ‘நன்றாக உள்ளதா’ என வினவுதல் கூடாது. ‘யார் யாரிடம் பாடுகின்றனர்’, ‘என்ன நிகழ்ந்தது’, ‘பின்னர் என்ன நிகழ்ந்திருக்கும்’, ‘எவ்விடத்தில் கவனம் விலகியது’ என்பனவே வினவத்தக்கன.

6. கூற்றுகளைப் பத்துக்குற்றச் சட்டகத்தில் வகைப்படுத்தி, குறை உணரப்பட்ட இடத்தையும் பிறந்த இடத்தையும் தனித்தனியே குறித்தபின்னரே திருத்தத்தில் இறங்குதல் வேண்டும்.

7. ஏற்ற கூற்றுகளுக்கு மட்டுமன்றி, ஏலாத கூற்றுகளுக்கும் காரணம் எழுதப்படுதல் வேண்டும்.

முடிவுரை

ஓ.சி.ஆர். பாடத்திட்டத்தின் மூன்றாம் வினா ‘கற்றது யாது’ என்றே வினவியது; ‘மாற்றியது யாது’ என வினவவில்லை. இச்சொல்லாட்சி பொருள் பொதிந்தது. பார்வையாளர் கருத்தைக் கேட்டு ஒரு காட்சியை மாற்றாது விட்ட மாணவரும், அக்காட்சி எவ்வாறு உணரப்படுகிறது என்பதை அறிந்தே விட்டிருப்பாராயின், கற்றவரே ஆவார். மாறாக, இறுதி வடிவம் முடிந்தபின் பெற்ற பாராட்டுகளைத் தொகுத்து ஒட்டியவர் மதிப்பெண் பெறலாம், திருத்தம் பெறுவதில்லை.

தமிழ்ப் பாப் இசையும் திரைப்படத்தைச் சாராத தனிப்பாடல் காணொலிகளும் 2021இல் வெளிவந்த ‘என்ஜாயி எஞ்சாமி’க்குப் பின்னர் பெருங்கவனம் பெற்றுவரும் இக்காலத்தில், காட்சித் தொடர்பியல் பயிலும் தமிழ் மாணவர்க்கும் இத்திருத்தநெறி பயன்தரும். அத்துறைக்கும் தமிழ்த்துறைக்கும் இடையே கூட்டாய்வுக்குரிய களமும் இதனால் திறக்கிறது. மெய்ப்பாட்டியலும் செய்யுளியலும் பழம்பாடல்களின் நலங்காட்டும் அளவில் நின்றுவிடாது, இனி ஆக்கப்படும் படைப்புகளைச் செப்பம் செய்யும் கருவிகளாகவும் கையாளத்தக்கன என்பது இவ்வாய்வின் முடிபாகும்.